பதிப்பு 1.37

தார்த்துவில் பிப்ரவரி.
ஆறு உறைந்து கிடக்கிறது.
மூன்றாம் மாடியில் பிர்கித்
ஹீட்டரை ஒரு புள்ளி இறக்கிவிட்டு
ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு
கடலைத் திறக்கிறாள்.

அவள் செய்த கடல்.
பதினொரு தீவுகள், ஒரு பழைய பயணிப் படகு,
ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள்,
கோழிக்கூடையோடு வரும் ஒரு பாதிரியார்.
சுட யாருமில்லை, வெல்ல எதுவுமில்லை.
ஆறு வருடம் முன்பு விலை எட்டு யூரோ.
இன்றும் எட்டு யூரோ.

வாங்கினார்கள் என்பது இறந்தகாலம்.
கேட்கிறார்கள் என்பது நிகழ்காலம்.
அடுத்த தீவு எப்போது?
துறையில் விளக்கு எரியுமா?
படகில் நாயை ஏற்றலாமா?
வருகிறது, வருகிறது என்று
எதிர்காலத்தையும் நிகழ்காலத்திலேயே எழுதி
விரலுக்குப் பழகிவிட்டது.

எட்டில்
கடைக்காரன் பங்கு போக, வரி போக
நான்கு சொச்சம்.
அதுவும் முதல் வருடம் மழை, பிறகு தூறல்,
இப்போது கூரை ஓரத்தில் எப்போதாவது ஒரு சொட்டு.
கோடைத் தள்ளுபடியில் பாதி விலை;
அந்த இரண்டு வாரம்தான் வாடகை.
மாதம் மூன்று யூரோ அனுப்புகிறவர்கள்
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
அவர்கள் பெயரைப் படகுத்துறைப் பலகையில்
எழுதி வைத்திருக்கிறாள்.
அட்டை காலாவதியாகிப் பணம் நின்றுபோன
ஒன்பது பேரை
அழிக்கக் கை வரவில்லை.

மாலுமித் தொப்பி ஒன்றை
இரண்டு யூரோவுக்கு விற்றுப் பார்த்தாள். சிவப்பு.
"தொப்பிக்கும் காசு கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாயா"
என்று எழுதினார் ஒருவர்.
அவர் அந்தப் படகை ஓட்டியது
ஆயிரத்து எழுநூறு மணி நேரம்.
மணிக்கு அரை சென்ட்.
வகுத்துப் பார்த்தாள்.
பதில் எழுதாமல் தேநீர் போட்டாள்.

பகலில் பல் மருத்துவமனை ஒன்றின் செயலிக்குப்
படம் வரைகிறாள்.
கடைவாய்ப்பல் சிரிக்க வேண்டுமாம், கண் சிமிட்டவும் வேண்டுமாம்.
ஒரு பல் சிமிட்டினால்
பன்னிரண்டாம் தீவில்
ஒரு மரம் முளைக்கும்.

ஆஹ்தோ தாலினில் வங்கிக்குப் போய்விட்டான்.
குழந்தை பிறந்தது; யாரைக் குற்றம் சொல்ல?
வியாழன் இரவில் மட்டும் திரையில் வருவான்,
தோளில் தூங்கும் குழந்தையோடு,
ஒற்றைக் கையால் பிழை திருத்த.

போன மாதம் ஒரு நிறுவனம் பேசியது.
படகுக்குக் காத்திருக்க விரும்பாதவர்கள்
காசு கட்டித் தாண்டிப் போகட்டும் என்றார்கள்.
காத்திருப்பதுதான் விளையாட்டே என்றாள்.
அப்படியென்றால்
பணம் அங்கேதான் இருக்கிறது என்றார்கள்.
நல்ல மனிதர்கள்தான். காப்பிக்கும் அவர்களே கொடுத்தார்கள்.

பிறகு வால்பரைசோவிலிருந்து
கிடங்கில் இரவுக்காவல் பார்க்கும் எவாரிஸ்தோவின் கடிதம்:
பனிமூட்டம் வந்தால் மூன்றாம் தீவில்
குடை வைத்திருப்பவர் இறங்குவதே இல்லை.
மாதக்கணக்கில் என்னோடு வருகிறார்.
தயவுசெய்து சரிசெய்துவிடாதீர்கள்.

ஆஹ்தோ தேடிக் கண்டுபிடித்தான்.
எண்ணும்போது ஒன்று குறைந்திருக்கிறது,
அவ்வளவுதான்.
திருத்த ஒரு நிமிடம்.
இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
குழந்தை இருமியது.

1.37 குறிப்புகள்:
துறையில் விளக்கு எரியும்.
நாய்களுக்கு அனுமதி உண்டு.
குடைக்காரர் விஷயம் தெரியும்; விட்டுவிட்டோம்.

மறுநாள் இருபது யூரோ வந்தது.
"குடைக்காரரின் பயணச்சீட்டு" என்று ஒரு வரி.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
பொரியும் சோளம்தான் என்று
ஹீட்டரை அரைப் புள்ளி ஏற்றினாள்.

இரவு, தன் படகைத் தானே ஓட்டிப் பார்த்தாள்.
மூடுபனி. விளக்கு எரிந்தது.
நாயோடு ஒருவர் ஏறினார்.
குடைக்காரர்
சற்று நகர்ந்து இடம் விட்டார்.

அப்படி நகர
அவருக்கு யாரும்
எழுதிக் கொடுக்கவில்லை.